முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு: நிறுத்தினால் எரிகிறது, நிறுத்தாமலும் இருக்க முடியாது

தென் மாவட்டம் ஒன்றில் தனியார் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரியும் 36 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவருடைய இரு கன்னங்களிலும் மங்கு படர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதைக் கேட்டு மருந்துக்கடையில் ஒரு ட்யூப் வாங்கிப் பூசினார். மூன்று வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. உறவினர்கள் எல்லோரும் விசாரித்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு அழகு நிலையத்தில் சொன்னபடி விலை குறைந்த வேறொரு களிம்புக்கு மாறி, அதைச் சாதாரண க்ரீமுடன் கலந்து, இரவுதோறும் கண்ணுக்குக் கீழ் வரை தடவி வந்தார். இப்படியே நான்கு ஆண்டுகள் போய்விட்டன. இப்போது இரண்டு நாள் பூசாமல் விட்டால் முகம் சிவந்து எரிகிறது. வெயிலிலும் அடுப்பு முன்னும் நிற்க முடியவில்லை. கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்புகள் தெரிகின்றன, தாடையில் பருவும் பூனைமுடியும் வந்திருக்கின்றன, மங்கு முன்பைவிட அடர்ந்திருக்கிறது. இரண்டு முறை நிறுத்திப் பார்த்து, ஐந்தாம் நாள் வீக்கத்தைத் தாங்க முடியாமல் மறுபடி பூசியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை. கணவர் சொல்வதுபோல் இது ஒவ்வாமையா? காணொளி ஒன்றில் சொன்னதுபோல் உடம்பிலுள்ள ஸ்டீராய்டு நஞ்சு வெளியேறுவதா, அதற்குப் பேதி மருந்து சாப்பிட்டு, ஈரப்பத க்ரீம்கூடப் போடாமல் இருக்க வேண்டுமா? தை மாதம் அண்ணன் மகளின் திருமணம் வருகிறது, அதுவரை மட்டும் பூசிக்கொள்ளலாமா? ஐந்து வயது மகனுக்குக் கரப்பானுக்காக மருத்துவர் தந்த களிம்பும் ஸ்டீராய்டுதான் என்று தெரிந்ததும் அதைக் குப்பையில் போட்டுவிட்டார். இப்போது பையனின் முழங்கை மடிப்பில் நீர் வடிகிறது. களிம்பை விற்ற கடைக்காரர் மீது நடவடிக்கை எடுக்க முடியுமா? இவற்றோடு, கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில், கணவரும் தொடை இடுக்கு அரிப்புக்கு அதே ட்யூபைத்தான் போடுகிறார் என்று எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நேரில் பார்க்காமல் எந்தத் தோல் நோயையும் முடிவாகச் சொல்வது முறையல்ல. ஆனாலும் நீங்கள் அனுப்பிய படங்களும், நாள் வாரியாக நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களும் பெருமளவு தெளிவாகவே இருக்கின்றன. முதல் ட்யூபில் மொமெட்டசோன் 0.1%, ஹைட்ரோகுவினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025% என மூன்று மருந்துகள் உள்ளன. இரண்டாவது ட்யூப் பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1%. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் இரண்டும் ஸ்டீராய்டுகள், அதாவது அழற்சியை அடக்கும் மருந்துகள். இரண்டுமே முகத்துக்கு வீரியம் மிகுந்தவை.

முதல் ட்யூபைப் போலி மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். இந்த மூவகைக் கலவைக்கு 1975-ஆம் ஆண்டு க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு அடிப்படையாக இருந்தது. மங்குக்கு இன்றும் நாங்கள் சிலருக்கு இதை எழுதித் தருகிறோம். அமெரிக்காவில் இவ்வகைக் கலவைக்கு அனுமதி கொடுத்தபோது எட்டு வாரம் வரை என்று எல்லை வகுத்தார்கள். எட்டு வாரத்துக்கான மருந்தை, யாருடைய மேற்பார்வையும் இல்லாமல், ஓராண்டு பூசியதிலும், அதன்பின் மற்றொரு ஸ்டீராய்டை மூன்றாண்டு தொடர்ந்ததிலும்தான் இந்தச் சிக்கல் இருக்கிறது. இதில் நீங்கள் தனியாகவும் இல்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியாவின் 12 மையங்களில் முகத்தோல் பிரச்சினைக்காக வந்த 2926 பேரைக் கேட்டறிந்தபோது, அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். இந்த நிலைக்கென்றே ‘ஸ்டீராய்டு களிம்பால் சேதமடைந்த முகம்’ என்று பொருள்படும் நோய்ப்பெயரை நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள்தான் வைத்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

முகம் வெளுத்தது எப்படி

ஸ்டீராய்டு தோலில் பட்டதும் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்தவோட்டம் குறைந்து அந்த இடம் வெளிறுகிறது. கூடவே, நிறமியை உருவாக்கும் உயிரணுக்களின் வேலையும் தணிகிறது. 1962-இல் மெக்கென்சி, ஸ்டவ்டன் என்ற இருவர், எந்தக் களிம்பு தோலை எவ்வளவு வெளிறச் செய்கிறது என்பதைக் கொண்டே அதன் வீரியத்தை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். களிம்புகளை வீரியத்தின்படி வரிசைப்படுத்த இன்றும் அந்தச் சோதனை பயன்படுகிறது. ஆகவே மூன்றாவது வாரத்தில் உறவினர்கள் பாராட்டிய அந்தப் பளிச்சென்ற நிறத்தைத் தோல் குணமானதற்கு அடையாளமாகக் கொள்ள முடியாது. ஒரு வீரியமான மருந்து உங்கள் முகத்தில் முழு வேகத்தில் வேலை செய்துகொண்டிருந்தது என்பதைத்தான் அது காட்டியது.

முகத்தோல் இதற்கு மிக எளிதாக ஆட்படும். ஒரே அளவு ஹைட்ரோகார்ட்டிசோனை உடலின் பல இடங்களில் பூசி, எவ்வளவு உள்ளே போகிறது என்று ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் 1967-இல் அளந்தார்கள். முன்கையில் உட்செல்வதை ஒன்று என்று வைத்தால், நெற்றியில் அது 6 மடங்கு, தாடைக் கோணத்தில் 13 மடங்கு, விதைப்பையில் 42 மடங்கு. உங்கள் பருவும் முடியும் தாடையில் அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாதக்கணக்கில் இப்படிச் சுருக்கி வைக்கப்பட்ட குழாய்கள், மருந்து நின்றதும் முன்பிருந்த அளவைத் தாண்டி விரிந்துவிடுகின்றன. அடக்கி வைத்திருந்த அழற்சியும் ஒரே வீச்சில் எழுகிறது. மெலிந்துபோன மேல்தோலால் ஈரத்தைத் தக்கவைக்க முடியாததால் வெயிலும் அடுப்பனலும் வெந்நீரும் எரிகின்றன. அப்போது மறுபடி பூசினால் சில மணி நேரத்தில் தணிகிறது. தணிவதாலேயே, ‘இந்த மருந்து இல்லாமல் என் தோலுக்கு வாழ்வில்லை’ என்ற நம்பிக்கை ஏற்படுகிறது. உங்கள் ஐந்தாம் நாள் வீக்கம் இந்தச் சுழற்சிதான். அந்த இரண்டு முறையும் உங்களிடம் மன உறுதி குறைந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. வலி மருந்தோ, துணை மருந்தோ, என்ன நடக்கும் என்று சொல்ல ஆளோ இல்லாமல், முகம் வீங்கிய நிலையில் மறுநாள் வகுப்பறைக்குப் போயாக வேண்டிய ஒருவர் வேறு என்ன செய்திருக்க முடியும்?

ஒவ்வாமையும் அல்ல, நஞ்சும் அல்ல

உங்கள் கணவரின் ஐயம் முற்றிலும் தவறானதல்ல. களிம்பின் மூலப்பொருளுக்கோ, வாசனைப் பொருளுக்கோ, அரிதாக ஸ்டீராய்டுக்கேயோ ஒவ்வாமை வருவதுண்டு. ஐயம் இருந்தால் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பட்டைச் சோதனை செய்வோம். ஆனால் அத்தகைய ஒவ்வாமையில் பூசப்பூசத்தான் நிலைமை மோசமாகும். உங்களுக்கோ பூசினால் அடங்குகிறது, விட்டால் கிளம்புகிறது. பழைய நோய் திரும்புவதாகவும் இதைக் கொள்ள இயலாது. நீங்கள் கருமைக்காகத்தான் களிம்பைத் தொடங்கினீர்கள். சிவப்பு என்பது அன்று உங்கள் முகத்தில் இருக்கவே இல்லை. அரிப்பைவிட எரிச்சல் மிகுந்திருப்பதும் விலக்கல் எதிர்வினையின், அதாவது பழகிய மருந்தை நிறுத்தும்போது தோல் காட்டும் எதிர்வினையின், பக்கமே சாய்கிறது.

‘நஞ்சு வெளியேறுகிறது’ என்ற விளக்கம் தவறானது. நீங்கள் பூசிய ஸ்டீராய்டு தோலில் ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்பதில்லை. நிறுத்திய சில நாட்களில் அது போய்விடுகிறது. எஞ்சுவது அதற்குப் பழகிப்போன தோலின் எதிர்வினை மட்டுமே. ஆகையால் பேதி மருந்தாலோ பட்டினியாலோ வெளியேற்ற வேண்டிய பொருள் என்று உள்ளே எதுவும் கிடையாது. ஈரப்பத க்ரீமையும் விட்டுவிட வேண்டும் என்ற அறிவுரைக்கு உறுதியான சான்று இல்லை. தடுப்புச் சுவர் உடைந்த தோலுக்கு இப்போது மிகவும் தேவைப்படுவதே அதுதான்.

இணையத்தில் இது பற்றி இரண்டு எல்லைகளில் நின்று சண்டையிடுகிறார்கள். இப்படி ஒரு நோயே இல்லை என்று சாதித்த மருத்துவர்கள் இருந்தார்கள். எந்த ஸ்டீராய்டைத் தொட்டாலும் இது வரும் என்று பயமுறுத்துபவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2021-இல் இந்த விலக்கல் எதிர்வினையை ஏற்று மருத்துவர்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. 2024-இல் ட்யூபின் மேலேயே வீரிய அளவை அச்சிட வேண்டும் என்றும் அறிவித்தது. 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, பதிவான நோயாளிகளில் பெரும்பாலோர் நடுத்தர அல்லது அதிக வீரியமுள்ள களிம்பை முகத்திலோ பிறப்புறுப்புப் பகுதியிலோ நீண்டகாலம் பூசிய பெண்கள் என்று காட்டியது. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

எப்படி நிறுத்துவது

நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஒரேயடியாகவா, படிப்படியாகவா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த விதி கிடையாது. ஒரேயடியாக நிறுத்தினால் காலம் மிச்சம், ஆனால் முதல் சில வாரங்கள் கடுமையாக இருக்கும். படிப்படியாகக் குறைப்பதென்றால், பீட்டாமெத்தசோனை விட்டு 1% ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு இறங்கி, தினமும் பூசுவதை ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாக்கி, பிறகு வாரம் இருமுறையாக்கி, சில வாரங்களில் முடித்துவிடுவது. எரிச்சல் குறைவு, ஆனால் ‘இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்’ என்று முடிவில்லாமல் இழுத்துக்கொண்டு போகும் ஆபத்து உண்டு. நான்காண்டுப் பழக்கமும், தினமும் மாணவர்கள் முன் நிற்க வேண்டிய வேலையும், இருமுறை தோற்ற அனுபவமும் உள்ள உங்களுக்கு நான் இரண்டாவது வழியையே சொல்வேன். கடைசியாகப் பூசும் நாளை மட்டும் முதல் நாளே மருத்துவரோடு பேசி நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

இதோடு துணை மருந்துகள் அவசியம். ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் அல்லது பிமெக்ரோலிமஸ் களிம்பு அழற்சியை அடக்கும். தோலை மெலியச் செய்யாது. முதல் சில நாட்கள் டாக்ரோலிமஸ் பூசிய இடம் காந்தும். பலர் அதைக் கண்டு பயந்து விட்டுவிடுகிறார்கள். முகம் குளிர்ந்திருக்கும்போது, மெல்லிய படலமாகப் பூசினால் பொறுத்துக்கொள்ளலாம். அதன் உள்தாளில் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை ஒன்று இருக்கும். அமெரிக்க அரசு 2006-இல் முன்னெச்சரிக்கையாகச் சேர்க்கச் சொன்னது அது. பின்னர் நீண்டகாலம் கண்காணித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆறுதல் தருவனவாகவே இருந்தன. பருவும் கொப்புளமும் இருப்பதால் டாக்சிசைக்ளின் மாத்திரை சில வாரங்களுக்குத் தேவைப்படலாம். நீங்கள் கருவுற்றிருந்தாலோ அதற்கு முயன்றுகொண்டிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாக்சிசைக்ளினும் ட்ரெட்டினாயினும் அப்போது கூடாது. இரவில் அரிப்பால் தூக்கம் கெட்டால் அதற்கும் மாத்திரை உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியது குறைவு, செய்யாமல் இருக்க வேண்டியதுதான் அதிகம். சோப்பு, ஸ்க்ரப், ஃபேஷியல், ப்ளீச், முடி நீக்கும் த்ரெடிங், வாக்ஸ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கடலைமாவு, எலுமிச்சைச் சாறு, கஸ்தூரி மஞ்சள், வேப்பிலை அரைப்பு ஆகியவை நல்ல தோலுக்குச் சரி. வெந்த தோலுக்கு அல்ல. மூலிகை என்று பெயர் போட்டு, உட்பொருள் பட்டியல் இல்லாமல் விற்கப்படும் வெண்மை க்ரீம் எதையும் தொடாதீர்கள். அதற்குள்ளேயே ஸ்டீராய்டு கலந்திருப்பதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். வாசனையில்லாத எளிய ஈரப்பத க்ரீம் அல்லது வெள்ளை வாசலின், எரியும்போது குளிர்ந்த நீரில் நனைத்த மெல்லிய பருத்தித்துணி பத்து நிமிடம், பகலில் துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்க்ரீன், வெளியே போகும்போது குடை, இவை போதும்.

தேற எவ்வளவு காலம் ஆகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிறுத்திய சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் சிவப்பும் வீக்கமும் உச்சத்துக்குப் போகும். பின் தோல் உரியும். அதன்பின் நேராக இறங்காது. நன்றாக இருந்த ஒரு வாரத்துக்குப் பிறகு மறுபடி சிவக்கும், ஆனால் அலை ஒவ்வொன்றும் பொதுவாக முந்தியதைவிடச் சிறிதாக இருக்கும். முகத்தில் மட்டும் பூசியவர்களில் பலர் சில மாதங்களில் தேறுகிறார்கள். நீண்டகாலம் பூசியவர்களில் சிலருக்கு ஓராண்டையும் தாண்டும். பூனைமுடி மெல்ல உதிர்ந்துவிடும். மெலிந்த தோல் ஓரளவு தடிப்பேறும். நூல் போன்ற குழாய்களில் சில அப்படியே நிற்கும். அவற்றுக்குப் பின்னாளில் லேசர் செய்யலாம். மங்கு மட்டும் நிச்சயம் தெரியும், சில காலம் கூடுதலாகவே தெரியும். தோல் ஆறிய பிறகு அசெலாயிக் அமிலம் போன்ற, ஸ்டீராய்டு இல்லாத மருந்துகளால் அதைக் கவனிக்கலாம். மங்கை முற்றிலும் போக்கிவிடுகிறேன் என்று யாராவது உறுதி சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் சில உண்டு: காய்ச்சலோடு முகவீக்கம், சீழ் அல்லது தேன்நிறப் பொருக்கு, கொத்துக்கொத்தாக வலிக்கும் நீர்க்கொப்புளம், கண்வலி அல்லது பார்வை மங்கல். கண்ணுக்குக் கீழ் நான்காண்டு பூசியிருப்பதால், தொந்தரவு இல்லாவிட்டாலும் கண் மருத்துவரிடம் ஒருமுறை கண்ணழுத்தமும் புரையும் பார்த்துவிடுங்கள். உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி, முகத்தில் பூசும் சிறிய அளவால் அடங்கிப்போவது அபூர்வம். எனினும் நிறுத்திய பின் மிகுந்த சோர்வும் தலைசுற்றலும் வாந்தியும் வந்தால் காலை 8 மணி அளவில் கார்ட்டிசால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இந்தப் பத்தியைப் படிக்கும் வேறு யாரேனும் உடல் முழுக்க க்ளோபெட்டசால் போன்ற கடும் களிம்பை மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தால், தாமாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

திருமணம் வரை பூசலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் தயக்கம் புரிகிறது. முகம் சிவந்து நின்றால் நூறு பேருக்கு நூறு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அதுவரை பூசினால் அன்றும் முகம் நன்றாக இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. இப்போதே இரண்டு நாள் இடைவெளியை உங்கள் தோல் தாங்கவில்லை. இனி தினமும் பூசினாலும் எரியும் கட்டம் வரலாம். இன்று தொடங்கினால் தைக்குள் ஏறத்தாழ மூன்று மாதம் கிடைக்கிறது. அதற்குள் முழுதும் ஆறிவிடும் என்று வாக்குத் தர மாட்டேன். ஆனால் மிக மோசமான கட்டம் பெரும்பாலும் கடந்திருக்கும். திருமணத்தன்று நிறமேற்றிய துத்தநாக சன்ஸ்க்ரீன் மேல் மெல்லிய பவுடர் போதும். ஒப்பனைக் கலைஞர் கொண்டுவரும் பொருட்கள் எதுவும் முகத்தில் வேண்டாம். பந்தலில் ஹோமப் புகைக்கும் பெரிய விளக்குகளுக்கும் சற்று விலகி உட்காருங்கள்.

மகனுடைய களிம்பு வேறு கதை

கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த பகுதி இதுதான். உங்களுக்கு நேர்ந்ததைக் கண்டு குழந்தையின் மருந்தைத் தூக்கி எறிந்தது ஒரு தாயின் இயல்பான அச்சம். ஆனால் முடிவு தவறானது. ஸ்டீராய்டு களிம்புகளை வீரியத்தின்படி ஏழு வகுப்புகளாகப் பிரிக்கும் முறையில், க்ளோபெட்டசால் முதல் வகுப்பிலும், உங்கள் மகனுக்குத் தந்த 1% ஹைட்ரோகார்ட்டிசோன் கடைசி வகுப்பிலும் இருக்கின்றன. அது முகத்துக்கு அல்ல, முழங்கை, முழங்கால் மடிப்புகளுக்கு. நிறத்துக்காக அல்ல, உண்மையான அழற்சி நோய்க்கு. ஆண்டுக்கணக்கில் அல்ல, கிளம்பும்போது சில நாட்களுக்கு. நான் மேலே சொன்ன விலக்கல் நோயாளிகளின் விவரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கூறும் பொருந்தாது.

1952-இல் ஹைட்ரோகார்ட்டிசோனை முதன்முதலாகத் தோலில் பூசிப் பயன்கண்டதை சுல்ஸ்பெர்கர், விட்டன் இருவரும் வெளியிட்டார்கள். அதற்கு முன் கரப்பான் குழந்தைகளுக்குத் தார்ப் பூச்சையும் சாயத்தையும் விட்டால் வேறு மருந்து அதிகம் இல்லை. சிகிச்சை இல்லாத கரப்பானுக்கும் பக்கவிளைவு உண்டு: தூக்கமின்மை, சொறிந்த புண்ணில் கிருமித் தொற்று, வளர்ச்சியில் பின்னடைவு, தடித்துக் கறுத்துப்போகும் தோல். நீர் வடிவதாக எழுதியிருப்பதால் தொற்று சேர்ந்திருக்கக்கூடும். இந்த வாரமே குழந்தையை அழைத்துக்கொண்டு போங்கள், உங்கள் முகத்துக்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

களிம்பை மறுபடி தொடங்கச் சொன்னால் அளவு இப்படி: பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை ட்யூபிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது பெரியவரின் விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்குப் போதும். பயத்தால் பொட்டளவு பூசினால் நோய் அடங்காமல் நாட்கள்தான் நீளும். ஈரப்பத க்ரீம் தினமும், நோய் அடங்கிய பிறகும்.

உங்கள் கணவரின் ட்யூபை இன்றே வாங்கி அப்புறப்படுத்துங்கள். தொடை இடுக்கு அரிப்பு பெரும்பாலும் படர்தாமரை. அதன் மேல் ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே தாராளமாக வளரும், வட்டத்தின் விளிம்பு மறைந்து மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். நாடெங்கும் படர்தாமரை இன்று எளிதில் குணமாகாமல் இழுத்தடிப்பதற்கு ஸ்டீராய்டு கலந்த இத்தகைய களிம்புகளும் ஒரு காரணம். விதைப்பையில் 42 மடங்கு என்ற எண்ணையும் அவருக்குக் காட்டுங்கள்.

கடைக்காரர் மீது நடவடிக்கை

நான் வழக்கறிஞர் அல்லன். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமலும் விற்கலாம் என்று முன்பு ஒரு சலுகை இருந்தது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு களிம்புகளுக்கு அந்தச் சலுகையை நீக்கி, மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய ‘எச்’ அட்டவணையின் கீழ் கொண்டுவந்தது. சீட்டில்லாமல் விற்றது விதிமீறல் என்றால், மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட ஆணையத்தை அணுகவும் வழி உண்டு. காரணம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். ஆனால் உங்களிடம் பில் ஒன்றுகூட இல்லை, நான்காண்டில் மூன்று கடைகளில் வாங்கியிருக்கிறீர்கள், ட்யூபின் மேல் எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. இழப்பீடு பெறுவது கடினம் என்றே நினைக்கிறேன். செலவழிக்கும் முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

அதைவிட எளிதாகவும் பயனுள்ளதாகவும் இருப்பது, பக்கவிளைவைப் பதிவு செய்வது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணுக்கு நோயாளிகளே அழைத்துச் சொல்லலாம். உங்கள் மருத்துவரையும் அறிக்கை அனுப்பச் சொல்லுங்கள்.

தனியார் மருத்துவரின் கட்டணம் தயக்கம் தந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தொலைவாக இருக்கலாம். முதல் முறை போகும்போது இரண்டு ட்யூப்களையும், க்ரீமுடன் கலந்து வைத்திருக்கும் டப்பாவையும், களிம்பு தொடங்குவதற்கு முன் எடுத்த முகப் படம் ஒன்றையும், மகனுடைய பழைய மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அன்று காலை முகத்தில் எதையும் பூசாதீர்கள்.